ஊது மீட்டர்

சம்பந்தத்தை ஏமாற்றி மீட்டர் ஓட்டியவன் ராஜகீழ்ப்பாக்கத்திலும் கிடையாது, மாடம்பாக்கத்திலும் கிடையாது. மின்வாரியத்தில் பதினோரு வருஷமாக வீடு வீடாகப் படியேறி ரீடிங் எடுக்கிறவன். எக்ஸ்ரே ஃபிலிமை மெல்லிசாக நறுக்கி மீட்டர் இடுக்கில் செருகி, உள்ளே சுற்றுகிற சக்கரத்தை நிறுத்தி வைத்திருந்த ஆசாமியை அஸ்தினாபுரத்தில் கையும் களவுமாகப் பிடித்தான். சீலை அறுத்துவிட்டு எலி கடித்துவிட்டது என்று கதைவிட்ட மாவு மில்காரரிடம், அந்த எலியைக் கூப்பிடுங்கள், அதுவும் ஒரு கையெழுத்துப் போடட்டும் என்றான். அவ்வளவு ஏன், மீட்டர் பக்கமே போக வேண்டாம். சுவரில் தொங்குகிற அட்டையில் எண்களை மேலிருந்து கீழே ஒரு தரம் பார்த்தால் போதும், இது மீட்டர் எழுதியதா மனுஷன் எழுதியதா என்று சொல்லிவிடுவான். நிஜ நம்பர் ஏறும், இறங்கும், ஒரு தரம் இருந்த மாதிரி மறு தரம் இருக்காது. பொய் நம்பர்தான் வாத்தியார் எதிரில் நிற்கிற பிள்ளை மாதிரி கை கட்டிக்கொண்டு ஒரே இடத்தில் நிற்கும். இது அவனே கண்டுபிடித்த சாஸ்திரம்.

இந்தப் பிரதாபங்களையெல்லாம் வீட்டில் சோற்றுத் தட்டின் முன்னால் உட்கார்ந்து விஸ்தாரமாகச் சொல்வான். மனைவி சாமுண்டீஸ்வரி அரைக் காதில் வாங்கிக்கொள்வாள். மகள் வேதாதான் வாயைப் பிளந்துகொண்டு கேட்பாள். நாலாம் வகுப்புப் படிக்கிற பெண். எந்தக் கதை சொன்னாலும் முடிவில் அவளுக்கு ஒரே கேள்விதான். "அப்புறம் அவங்க மேல கேஸ் போட்டியாப்பா?" போடாமல் விடுவேனா என்பான் சம்பந்தம்.

ஊரார் மீட்டரையெல்லாம் உற்றுப் பார்த்தவன் தன் வாய்க்கு மட்டும் ஒரு மீட்டர் வைத்துக்கொள்ளவில்லை. பல் துலக்குமுன் ஒரு சிகரெட், துலக்கியபின் ஒன்று, சைக்கிளை எடுக்குமுன் ஒன்று. ஒரு நாளைக்கு எத்தனை என்று யார் கேட்டாலும் நாலு என்பான். டாக்டர் கேட்டாலும் நாலு, மாமனார் கேட்டாலும் நாலு. வெயில் நாளில் வாசலிலோ கொல்லையிலோ நின்று பிடிப்பான். மழை வந்துவிட்டால் வீட்டுக்குள்ளேயே ஜன்னலோரம் உட்கார்ந்துவிடுவான். ஒற்றை அறையும் ஒரு சமையற்கட்டும்தான் வீடு. அந்தப் புகை வேறெங்கே போகும், பெண்ணின் மூக்குக்குத்தான் போகும்.

வேதாவுக்கு மூன்று வயசிலிருந்தே இழுப்பு. ஐப்பசி பிறந்து நாலு தூறல் போட்டதும் நெஞ்சுக்குள் துருப்பிடித்த கதவு திறந்து மூடுகிற மாதிரி ஒரு சத்தம் ஆரம்பித்துவிடும். போர்வையில் சுற்றித் தாம்பரத்துக்குத் தூக்கிக்கொண்டு ஓடுவார்கள். ஊசி போட்டு, மூக்கில் மருந்து ஆவி பிடிக்கவைத்து, திரும்ப வீட்டுக்கு வந்தால் பத்து நாளில் மறுபடியும் அதே ஓட்டம். தூசு என்பான் சம்பந்தம். ஈரக்காற்று என்பான். உன் மண்ணெண்ணெய் ஸ்டவ்தான் என்று பெண்டாட்டி மேல் தூக்கிப் போடுவான். தன் முதுகு தனக்குத் தெரியாது என்று சும்மாவா சொன்னார்கள்.

தொண்ணூற்று மூன்றாம் வருஷம் ஐப்பசி நடுவில் ஞானசௌந்தரி என்கிற பெண் டிவிஎஸ் ஃபிப்டியில் வந்து வாசலில் இறங்கினாள். ஏதோ ஒரு மருத்துவக் கல்லூரிக்காரர்கள் இந்தப் பக்கத்தில் ஆராய்ச்சி நடத்துகிறார்களாம். இழுப்பு உள்ள பிள்ளைகள் இருக்கிற வீடுகளில் யார் யார் புகை பிடிக்கிறார்கள், அந்தப் புகை பிள்ளைகளை என்ன செய்கிறது என்று பார்க்கிற ஆராய்ச்சி. வீட்டுக்கு வீடு தாள் நிரப்புவது அவள் வேலை. ஒரு நாளைக்கு எத்தனை சார் என்று கேட்டாள். நாலு என்றான். சமையற்கட்டு நிலையில் சாய்ந்திருந்த சாமுண்டீஸ்வரி கூரையைப் பார்த்தாள். ஞானசௌந்தரி கூரையைப் பார்க்கிற முகத்தையும் பார்த்துவிட்டு நாலு என்று எழுதிக்கொண்டாள்.

பிறகு பையிலிருந்து வெள்ளைப் பிளாஸ்டிக் குழாய் ஒன்றை எடுத்தாள். ஒரு முனையில் வாயை வைத்து ஒரே மூச்சாக ஊதினால் பக்கவாட்டுப் பள்ளத்தில் சிவப்பு முள் ஒன்று எண்களின் மேல் நகர்ந்து போய் நிற்கும். எவ்வளவு தூரம் போகிறதோ அவ்வளவுக்கு மூச்சுக்குழாய் திறந்திருக்கிறது என்று அர்த்தம். அடுத்த ஊதலுக்கு முள்ளை விரலால் அடிக்குத் தள்ளிவிட வேண்டும். வேதாவின் உயரத்துக்கு இருநூற்று நாற்பது வந்தால் நல்லது என்று அந்த இடத்தில் ஒரு பச்சை ஒட்டுத்தாளை ஒட்டினாள். காலையும் மாலையும் ஊதி நம்பரை நோட்டில் எழுத வேண்டும், தை மாசக் கடைசியில் வந்து வாங்கிக்கொள்கிறேன் என்றாள். முதல் ஊதலில் முள் நூற்றைம்பதில் நின்றது. சம்பந்தத்துக்கு மீட்டர் என்றால் ஒரு தனி மரியாதை உண்டு. குழாயைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்து, சீல் இல்லையா மேடம் என்று கேட்டான். அன்று முதல் அதற்கு வீட்டில் ஊது மீட்டர் என்று பெயர்.

ஞானசௌந்தரிக்கு இன்னொரு வேலையும் இருந்தது. தெருவில் கிடக்கிற சிகரெட், பீடித் துண்டுகளைப் பொறுக்கி, காகிதப் பையில் போட்டு, தெருப்பெயர் எழுதி எடுத்துக்கொண்டு போவாள். குப்பை பொறுக்குகிற மேடம் என்று பிள்ளைகள் பின்னாலேயே போய்ச் சிரித்தார்கள். சம்பந்தத்தின் வாசலில் அவளுக்கு ஒரு துண்டுகூடக் கிடைக்கவில்லை. காலையில் பெருக்கித் தண்ணீர் தெளித்துக் கோலம் போட்ட வாசலில் எப்படிக் கிடைக்கும்? ஆனால் பெருக்கியது எங்கே போகும் என்று இன்னொரு பெண்பிள்ளைக்குத் தெரியாதா. நேரே பக்கத்துக் காலிமனைக்குப் போனாள். ஒரு வாரத்துக் குவியலில் எண்பத்தாறு துண்டு இருந்தது. தெருவில் போகிறவன் வருகிறவன் போட்டிருப்பான் மேடம் என்றான் சம்பந்தம். எல்லாமே நுனியை நகத்தால் கிள்ளி அணைத்தது சார் என்றாள் அவள். சம்பந்தம் தன் கட்டைவிரலைச் சட்டைப்பைக்குள் விட்டுக்கொண்டான். அவள் காகிதப் பையில் தெருப்பெயரை எழுதினாள்.

கார்த்திகை முதல் தேதி சம்பந்தம் சபரிமலைக்கு மாலை போட்டுக்கொண்டான். அவனுக்கு அது மூன்றாவது வருஷம். குருசாமி அரிகிருஷ்ணன், மாடம்பாக்கத்தில் சைக்கிள் கடை வைத்திருப்பவர், விரதம் என்றால் பீடி சிகரெட் வாசனைகூடப் படக்கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிடுவார். முதல் வாரம் சம்பந்தம் பட்ட பாடு நாய் படாது. கறுப்பு வேட்டியும் வெறுங்காலுமாக வீடு வீடாக ஏறி இறங்கினான். கை தானாகச் சட்டைப்பைக்குப் போய்த் திரும்பிவரும். கிராம்பை வாயில் போட்டு மென்றுகொண்டே இருந்தான். உட்கார்ந்தால் எழுந்திருக்கச் சொல்லும், எழுந்தால் நடக்கச் சொல்லும். காரணமே இல்லாமல் கொல்லைக்கும் வாசலுக்குமாகப் பத்து நடை நடந்தான். பெண்டாட்டி பாத்திரம் வைக்கிற சத்தம் கேட்டால் எரிந்து விழ நாக்கு துடிக்கும். விரதத்தில் கோபப்படக் கூடாதே என்று சரணம் சொல்லி விழுங்குவான். இரண்டாவது வாரம் கொஞ்சம் அடங்கியது. மூன்றாவது வாரம் குழம்பில் பெருங்காய வாசனை தெரிந்தது. இத்தனை வருஷமாக இந்தப் பெருங்காயம் எங்கே போயிருந்தது என்று அவனுக்கே ஆச்சரியம்.

நோட்டிலோ வேறொரு கதை ஓடிக்கொண்டிருந்தது. நூற்றைம்பது, நூற்று நாற்பத்தைந்து என்று தத்தளித்த நம்பர் கார்த்திகை பத்தில் நூற்றெழுபதைத் தொட்டது. அப்புறம் நூற்றறுபத்தைந்து, நூற்றுத் தொண்ணூறு, இருநூற்றுப் பத்து. புயல் மழை கொட்டித் தெருவில் முழங்கால் தண்ணீர் நின்ற வாரத்தில்கூட இருநூறுக்குக் கீழே போகவில்லை. அந்த வருஷ மழைக்காலத்தில் வேதாவைத் தாம்பரத்துக்கு ஒரு தரம்கூடத் தூக்கிக்கொண்டு ஓடவில்லை. பெண் ஸ்கிப்பிங் கயிறு கேட்டு வாங்கிக்கொண்டாள். சாமுண்டீஸ்வரி நோட்டைக் கொண்டுவந்து புருஷனின் முன்னால் விரித்து வைத்து, "சாமி, இத்தப் பாருங்க" என்றாள். விரத நாளில் பெண்டாட்டிக்கும் அவன் சாமிதானே. எல்லாம் அய்யப்பன் அருள் என்றான் சம்பந்தம். அருள்தான், உங்கள் வாயை இத்தனை நாள் மூடிவைத்தாரே என்றாள் அவள். அவன் சரணம் சொல்ல ஆரம்பித்தான்.

மலைக்குப் போய் இறங்கி, மார்கழி பன்னிரண்டாம் தேதி காலை மாடம்பாக்கம் கோயிலில் வைத்து குருசாமி மாலையைக் கழற்றினார். கழற்றி முழுசாகக் கால்மணி ஆகவில்லை. ராஜகீழ்ப்பாக்கம் கூட்ரோட்டு டீக்கடையில் சம்பந்தம் ஒன்றைப் பற்றவைத்து, கண்ணை மூடிக்கொண்டு இழுத்தான். தலை கிறுகிறுத்தது. அதை அடக்குவதற்கு இன்னொன்றும் பிடித்தான். நாற்பத்தோரு நாள் நிமிர்ந்திருந்த வால் கால்மணியில் வளைந்துகொண்டது.

வீட்டுக்குள் நுழையும்போதே சாமுண்டீஸ்வரிக்குத் தெரிந்துவிட்டது. பிரசாதத் தூக்கை வாங்கி வைத்துவிட்டுக் கேட்டாள்.

"மாலை கழுத்துல இருந்த மட்டும் எறங்காத நம்பரு, இனிமே எறங்கிச்சுன்னா அது உங்களால. ஒத்துக்குவீங்களா?"

அவனுக்குக் குற்றமும் கோபமும் ஒன்றாகப் பொங்கிக்கொண்டு வந்தன. தப்பு செய்தவனுக்குத்தான் குரல் பெரிசாக வரும்.

"மீட்டர் சொல்லட்டும். எரநூறுக்குக் கீழ எறங்கட்டும், அன்னிக்கே பையை எடுத்துக்கினு போயிடறேன். செக்‌ஷன் ஆபீஸ் பக்கத்துல ரூம் எடுத்துத் தனியா இருந்துக்கறேன். உன் பொண்ணு நல்லா மூச்சு வுடட்டும்."

சொல்லிவிட்டானே தவிர, அப்படிப் போகிற எண்ணமெல்லாம் அவனுக்கு இல்லை. கோபத்தில் ஆம்பிளைகள் போடுகிற சவடாலில் இதுவும் ஒன்று. ஆனால் ரிப்பனை ஒரு பக்கம் கட்டி முடித்து மறுபக்கம் கட்டாமல் நின்றிருந்த வேதாவுக்கு அது தெரியுமா? அப்பா சொன்னால் செய்வார் என்றுதான் அந்தப் பெண் இத்தனை வருஷமும் கேட்ட கதைகளில் இருந்தது.

நம்பர் இறங்கவில்லை. முதல் நாள் இருநூற்று முப்பத்தைந்து. அடுத்த நாள் இருநூற்று நாற்பது. ஒரு வாரம் போனது, இருநூற்று நாற்பது, இருநூற்று நாற்பத்தைந்து. சம்பந்தத்துக்குத் தலைகால் புரியவில்லை. பார்த்தாயா, நான் அப்போதே சொன்னேனே என்று பெண்டாட்டியைப் பார்க்கிறபோதெல்லாம் புருவத்தைத் தூக்கினான். செக்‌ஷன் ஆபீஸில் நாலு பேரிடம் சொல்லி, சிகரெட்டால் ஒன்றும் ஆவதில்லை, மீட்டரே சொல்லிவிட்டது என்று தீர்ப்பு வழங்கினான். கொல்லைக்குப் போய்ப் பிடித்தவன், பனி அதிகம் என்று மறுபடி ஜன்னலோரத்துக்கு வந்தான். பத்து மறுபடி பதினைந்தாகி, பதினைந்து இருபதானது.

சாமுண்டீஸ்வரிதான் பேய் பிடித்தவள் மாதிரி ஆகிவிட்டாள். படுத்தால் பெண்ணின் நெஞ்சில் அந்தக் கதவுச் சத்தம் கேட்கிறது. காலையில் நோட்டைப் பார்த்தால் இருநூற்று நாற்பது. பெண்ணைக் கேட்டால் ஒண்ணுமில்லைம்மா என்கிறாள். ஸ்கிப்பிங் கயிறு ஆணியில் தொங்குகிறது. எதை நம்புவது? பொங்கல் வாரத்தில் ஞானசௌந்தரி வந்து நோட்டைப் புரட்டிவிட்டு, நம்பர் நன்றாக இருக்கிறதே அக்கா என்றாள். சொல்லிவிட்டு இன்னொரு தரம் புரட்டினாள். சாமுண்டீஸ்வரி வாயைத் திறந்து, எனக்குத்தான் காதில் ஏதோ கோளாறு போல என்று சொல்லி மூடிக்கொண்டாள்.

சம்பந்தம் ஜெயித்துவிட்டான். ஜெயித்தவன் நிம்மதியாகத் தூங்க வேண்டுமா இல்லையா? தூக்கம் வரவில்லை. வேலைக்குப் போனால் மனசு வீட்டில் இருந்தது, வீட்டில் இருந்தால் கால் வாசலுக்கு இழுத்தது. என்னமோ ஒன்று உறுத்துகிறது, செருப்புக்குள் கல் விழுந்த மாதிரி. அது என்ன என்று அவனுக்குத் தெரியும். தெரிந்தும் அந்தப் பக்கம் திரும்பாமல் இருந்தான். ஒருநாள் அஸ்தினாபுரத்தில் யாரோ ஒருவர் வீட்டில் அட்டையை எடுத்துப் பார்த்தான். தொண்ணூறு, தொண்ணூற்றொன்று, தொண்ணூறு, தொண்ணூறு. பார்த்த மாத்திரத்தில் கை சுவரிலிருந்து மீட்டர் பெட்டிக்குப் போய்விட்டது. போன கை அங்கேயே நின்றது. வீட்டு நோட்டு அவன் கண்ணுக்குள் வந்து விரிந்தது. இருநூற்று நாற்பது, இருநூற்று நாற்பத்தைந்து, இருநூற்று நாற்பது, இருநூற்று நாற்பது. இழுப்பு உள்ள பிள்ளையின் மூச்சு மழைக்கும் பனிக்கும் இப்படியா கை கட்டி நிற்கும்?

முதலில் பெண்டாட்டி மேல்தான் சந்தேகம் போனது. நோட்டில் எழுதுகிறவள் அவள்தானே. ஆனால் நம்பர் இறங்கினால் ஜெயிக்கிறவள் அவள். ஏற்றி எழுதி அவளுக்கு என்ன ஆகப்போகிறது? சைக்கிளை மிதித்துக்கொண்டு வருகிற வழியெல்லாம் இதையே போட்டு உருட்டினான். பொய் ரீடிங் என்றால் அதனால் யாருக்கு லாபம் என்று பார் என்பதும் அவனுடைய சாஸ்திரம்தான். லாபம் அவன் ஒருவனுக்குத்தான்.

மறுநாள் காலை. தை ஏழோ எட்டோ இருக்கும். சாமுண்டீஸ்வரி சமையற்கட்டில் இருந்தாள். சம்பந்தம் கொல்லைப்பக்கம் போய் ஒன்றைப் பற்றவைத்துக்கொண்டு ஜன்னலுக்கு வெளியே ஓரமாக நின்றான். வேவு பார்க்கத்தான் நின்றான், அதை ஒத்துக்கொள்ள அவனுக்கு வெட்கமாக இருந்தது. உள்ளே வேதா பள்ளிக்கூட உடையோடு ஊது மீட்டரை எடுத்தாள். மூச்சை இழுத்தாள். இழுக்கும்போதே தோள் இரண்டும் மேலே ஏறின, கழுத்துக் குழி உள்ளே போனது. ஊதினாள். இருமல் வந்துவிட்டது. பாவாடையால் வாயைத் துடைத்துக்கொண்டு மறுபடி ஊதினாள். மூன்றாம் தரம் கண்ணில் நீர் வர ஊதியும் முள் நூற்று முப்பதில் நின்றது. சமையற்கட்டுப் பக்கம் ஒரு தரம் திரும்பிப் பார்த்தாள். கட்டைவிரல் நகத்தால் முள்ளை மெல்லத் தள்ளிக்கொண்டு போய்ப் பச்சை ஒட்டுத்தாளில் நிறுத்தினாள். இரண்டு மூச்சு ஓய்வெடுத்துக்கொண்டு குரலைச் சரிசெய்து, "எரநூத்தி நாப்பதும்மா" என்று கத்தினாள்.

எத்தனை வீட்டில் எத்தனை பேரைப் பிடித்தவன், பிடித்தபின் என்ன செய்வது என்று முதன்முதலாகத் தெரியாமல் நின்றான். சிகரெட் விரலைச் சுட்டபோதுதான் அது கையில் இருப்பதே நினைவு வந்தது. அதை ஈர மண்ணில் போட்டு மிதித்துவிட்டு உள்ளே போனான்.

வேதா அவன் முகத்தைப் பார்த்தாள், ஜன்னலைப் பார்த்தாள். ஊது மீட்டரை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனாள்.

"இன்னாத்துக்குக் கண்ணு தள்ளின?"

அவள் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பேசுவதற்கே இரண்டு மூச்சு தேவைப்பட்டது. "எறங்கினா நீ ரூமுக்குப் போயிடுவேன்னியே." அப்புறம் நிமிர்ந்து, "என் மேல கேஸ் போடுவியாப்பா?" என்றாள்.

சம்பந்தம் அப்படியே சம்மணம் போட்டுத் தரையில் உட்கார்ந்துவிட்டான்.   சாமிக்குப் பயந்து நாற்பத்தோரு நாள் இருக்க முடிந்தது, இந்தப் பிள்ளைக்காக நாலு நாள் இருக்க முடியவில்லையே என்று நினைத்தபோது தன் மேலேயே காறித் துப்ப வேண்டும்போல இருந்தது. குழாயை வாங்கி முள்ளை அடிக்குத் தள்ளி அவளிடம் கொடுத்தான். ஊது என்றான். நூற்று முப்பத்தைந்து. நோட்டை எடுத்து, அன்றைய தேதியிட்டு, தன் கையாலேயே நூற்று முப்பத்தைந்து என்று எழுதிப் பக்கத்தில் கையெழுத்துப் போட்டான். அது தொழில் பழக்கம்.

சாமுண்டீஸ்வரி கரண்டியோடு வந்து நின்று அந்த எண்ணைப் பார்த்தாள். சண்டை பிடிப்பாள் என்றுதான் அவன் எதிர்பார்த்தான். அவள் சுவரோடு சாய்ந்து, "அப்ப நான் கேட்டதெல்லாம் நெசந்தானா? பைத்தியம் புடிச்சிப்போச்சோன்னு இருந்தேங்க" என்று சொல்லிவிட்டு முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு ஆணியிலிருந்து அவனுடைய பையை எடுத்து வந்து அவன் எதிரில் வைத்தாள். மீட்டர் சொன்னால் போவதாகச் சொன்ன வார்த்தை இருக்கிறதல்லவா?

வேதா ஓடிவந்து பையின் வாரைப் பிடித்துக்கொண்டாள்.

உண்மையைச் சொல்ல வேண்டும். ஒரே ஒரு கணம் சம்பந்தத்துக்கு அந்த ரூம் நினைவு வந்தது. யாரும் நோட்டு நீட்டாத ரூம், ஜன்னலைச் சாத்திக்கொண்டு இஷ்டத்துக்குப் பிடிக்கலாம். அந்த ஒரு கணம் அவன் மனசு அங்கே போய் உட்கார்ந்தது. வாரைப் பிடித்த விரல்கள் வெளுத்துப் போயிருந்ததைப் பார்த்துத்தான் திரும்பி வந்தது. பையை எடுத்துத் திரும்ப ஆணியில் மாட்டினான். ஊது மீட்டர் நோட்டை மட்டும் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, வேதாவை முதலில் டாக்டரிடம் காட்டி வா என்று சாமுண்டீஸ்வரியிடம் சொல்லிவிட்டுச் சைக்கிளை எடுத்தான்.

ஞானசௌந்தரி சேலையூரில் ஒரு தேவாலயத்தை ஒட்டிய ஹாலில் உட்கார்ந்து தாள்களை அடுக்கிக்கொண்டிருந்தாள். சுவரோரம் பலகையில் காகிதப் பைகள் வரிசையாக இருந்தன, ஒவ்வொன்றிலும் ஒரு தெருவின் பெயர். அவனுடைய தெருப் பை எல்லாவற்றையும்விடக் கொழுத்திருந்தது. நோட்டை மேஜையில் வைத்து, கடைசி மூன்று வாரத்து ரீடிங் அத்தனையும் முள்ளைத் தள்ளி எழுதின பொய் மேடம் என்றான். அவள் ஆச்சரியப்படவில்லை. நம்பரெல்லாம் ஒரே மாதிரி நிற்கிறதே என்று எனக்கும் தோன்றியது சார் என்றாள். முள்ளைக் கையால் நகர்த்தினால் அதை யார் செய்தார்கள் என்று தாளில் எழுத வேண்டுமாம். பேனாவைத் திறந்துகொண்டு, "யார் சார் தொட்டது?" என்று கேட்டாள்.

"நான்தான். என் பேரையே எழுதுங்க."

அவள் அவனை நிமிர்ந்து பார்த்தாள். வேதாவின் விரல்தான் என்று அவளுக்குத் தெரியாமல் இருக்காது. அவன் சொன்னபடியே எழுதினாள். ஐப்பசியில் நிரப்பின தாளையும் எடுக்கச் சொன்னான். நாலு என்று இருந்ததை அடித்துவிட்டு இருபது என்று போடச் சொன்னான். மழை நாளில் இருபத்திரண்டு என்று பக்கத்தில் எழுதிக்கொள்ளுங்கள் என்றான். எழுதி முடித்தபின் எழுந்திருக்காமல் உட்கார்ந்தே இருந்தான். சிகரெட்டை விட்டுவிடுவது எப்படி என்று அவளைக் கேட்க வாய் வந்தது. கேட்கவில்லை. அவளும் உபதேசம் பண்ணவில்லை, அந்த மட்டுக்கும் நல்ல பெண்.

இனித் தொடக்கூடாது என்று அன்று அவன் இருந்த இருப்பை என்ன சொல்ல. மாலை கழுத்தில் இருந்தபோது கை சட்டைப்பைக்குப் போனால் துளசிமணி தட்டும், திரும்பிவிடும். இப்போது தட்டுவதற்கு ஒன்றுமில்லை. கிராம்பு தீர்ந்தது. ஒரு வீட்டில் ரீடிங்கைத் தப்பாக எழுதி அடித்தான். டீக்கடைப் பக்கம் போகாமல் சுற்றிக்கொண்டு போனான். மூன்று மணிவரை தாக்குப்பிடித்தான். மாடம்பாக்கம் ஏரிக்கரையில் சைக்கிளை நிறுத்தியவன், முன்பின் தெரியாத ஒரு ஆளிடம் கேட்டு ஒன்றை வாங்கிப் பற்றவைத்துவிட்டான். பாதி பிடித்துக்கொண்டிருக்கும்போதே தன் மேல் அருவருப்பாக இருந்தது. இருந்தாலும் கடைசிவரை பிடித்தான். பிறகு ஒரு வீட்டுக் குழாயில் சோப்புக் கேட்டு வாங்கிக் கையைக் கழுவினான். வாய் கொப்புளித்தான். வேலியோரத்துக் கொய்யா மரத்தில் நாலு இலை பறித்து மென்று துப்பினான். முழுப் பூசணிக்காய்க்குச் சோறு தேடுகிற அத்தனை வேலையும் செய்தான்.

வீட்டுக்கு வந்தபோது வெளிச்சம் இன்னும் இருந்தது. வேதா மருந்து வாங்கி வந்த களைப்போடு வாசற்படியில் உட்கார்ந்திருந்தாள். அவன் சைக்கிளை நிறுத்தும் மட்டும் காத்திருந்துவிட்டு உள்ளே ஓடி ஊது மீட்டரை எடுத்து வந்தாள். அவன் எதிரிலேயே ஊதினாள். நூற்று ஐம்பது. முள்ளின் மேல் விரல் படாமல் குழாயைத் திருப்பி அவனுக்குக் காட்டினாள். அவன் திருப்பிக் கொண்டுவந்திருந்த நோட்டை வாங்கி அதில் எழுதினாள். அந்தப் பக்கத்தில் ஸ்கேல் வைத்துப் புதிதாக ஒரு கோடு போட்டாள். கோட்டுக்கு அந்தப் பக்கம் மேலே 'அப்பா' என்று எழுதினாள்.

"நீ நோட்டு எடுத்துக்கினு போனப்புறம் உன் ரீடிங்கு எத்தினிப்பா?"

பூஜ்யம் என்று சொல்லிவிட்டால் தீர்ந்தது. யார் பார்த்தது? சோப்பு வாசனையும் கொய்யா வாசனையும் அவனுக்குச் சாட்சி சொல்லக் காத்துக்கொண்டிருந்தன. நாக்கு நுனிவரை வந்த பூஜ்யத்தை அவன் பெண்ணின் கட்டைவிரலைப் பார்த்து விழுங்கினான். நகத்தின் ஓரத்தில் சிவப்புச் சாயம் ஒட்டியிருந்தது, முள்ளின் சாயம், மூன்று வாரமாகத் தள்ளித் தள்ளி ஏறியது.

"ஒண்ணு" என்றான்.

வேதா அவன் முகத்தை நன்றாகப் பார்த்தாள். அவன் ஊரார் அட்டையைப் பார்க்கிற அதே பார்வை. பிறகு குனிந்து, கோட்டுக்கு அந்தப் பக்கம் ஒன்று என்று போட்டு, பேனாவை அவனிடம் நீட்டினாள். அவன் பக்கத்தில் கையெழுத்துப் போட்டான்.

"கேஸ் போடுவியா?" என்று கேட்டான்.

வேதா இருமினாள். இருமி முடித்து, மூடியைத் திருகிப் பேனாவை மூடிக்கொண்டே, "நாளைக்குப் பாத்துட்டுச் சொல்றேன்" என்றாள்.